கற்பூரம் ஏற்றியது நான்

எத்திராஜ் பீடி பிடிக்கவில்லை. அந்த டீசல் தொட்டியின் முன்னால் நெருப்பை வைத்தவள் நான். பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டவளும் நானேதான்.

இந்த மூன்று வரியை எழுத எனக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் முன்னால் வாய் வரமாட்டேன் என்கிறது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இன்றைக்கும் நான் 'பத்மா மிஸ்'. முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். எது எதனோடு சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் என்று கரும்பலகையில் எழுதி எழுதியே காலம் போக்கியவள். அப்படிப்பட்டவள்தான்... சரி, வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் நடுவில் எங்காவது நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற மறு வருடம் எங்கள் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் ஆனேன். பதினாறு வீடுகள். கீழே கார் நிறுத்துமிடத்தின் கோடியில் ஜெனரேட்டர். அதற்கு டீசல் வைத்திருந்த தொட்டி அடியில் இற்றுப்போய்ச் சொட்ட ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. நான்காம் மாடியில் சேஷாத்ரி மாமாவின் மனைவி ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்த படுக்கையாக இருந்தார். ஜெனரேட்டர் ஒரு நாள் ஓடாவிட்டாலும் அவர் உயிருக்கு ஆபத்து.

புதுத் தொட்டி அடித்துத் தர மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். அப்போது தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பழைய டீசல் தொட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு நானே போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கனத்த தகடு, எங்கும் ஓட்டையில்லை. பேசி முடித்து மறுநாளே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

தொட்டி இறங்கியதோ இல்லையோ, முணுமுணுப்பும் கூடவே இறங்கியது. பிறர் புழங்கிய இரும்பை வாங்கினால் அவர்களுடைய சனியும் ஒட்டிக்கொண்டு வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. சேஷாத்ரி மாமா வாய்விட்டே கேட்டார். "இடிச்ச மண்டபத்து இரும்பு. யாராத்து சனியோ, அதை நாம ஏன் தூக்கிண்டு வரணும்?"

"இரும்பு ஒரு தனிமம் மாமா. அதுக்கு ஜாதகம் எல்லாம் கிடையாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நாட்காட்டியைப் பார்த்ததுதான்! வெள்ளிக்கிழமை நல்ல நாள், பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அடுத்த இரண்டு நாளும் அஷ்டமி, நவமி. ஆகவே வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் தொட்டிக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, டீசலை ஊற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

எத்திராஜ் எங்கள் கட்டடத்துக்கு எல்லாமுமாக இருந்தவர். மோட்டார், குழாய், லிஃப்ட், ஜெனரேட்டர், எது மக்கர் செய்தாலும் அவர்தான். அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் இடம் கொடுத்த பிறகும், இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கெல்லாம் வந்து நிற்பார். என்னைவிட நான்கு வயதுதான் சின்னவர். அன்றைக்கு நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். எழுதும்போது மட்டும் 'அவர்' என்று வருகிறது... இதுவும் ஒரு வேஷம்தானோ என்னவோ.

அவருடைய ஒரே மகள் அமுதா என்னிடம் படித்தவள். நல்ல பெண். பனிக்காலம் வந்தால் மூச்சு இரைக்கும். அவளுக்காகத்தான் எத்திராஜ் பீடியை விட்டார். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்து, மறுநாள் என்னிடமும் வெட்கத்தோடு சொன்னார். நான்கு வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தார்.

வியாழக்கிழமை தொட்டியைக் கழுவத் தொடங்கினார். அடியில் கிடந்த பழைய டீசலை வடித்தார். மேலே ஆள் கை நுழைகிற வட்ட மூடியைத் திறந்துவிட்டு, தோள்வரை கையை விட்டுக் கசடைச் சுரண்டினார். இரும்புக் கரண்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார்.

"இரும்பு பட்டா பொறி கெளம்பும் மிஸ். மரக்கட்டையே போதும்."

வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு இரண்டு தடவை அலசினார். மாலையில் முகமெல்லாம் கருப்பாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் பிசினாட்டம் ஒட்டிக்கினு கீது மிஸ். காலைல இன்னொரு வாட்டி சோப்பு போட்டு அலசி, ரெண்டு நாளு தொறந்து போட்டா நல்லா காஞ்சிரும். உள்ள ஈரம் நின்னா டீசல் கெட்டுப்பூடும்."

"ரெண்டு நாளா? நாளைக்குப் பத்தரைக்குள்ள ஊத்தியாகணும்."

"சாமி ஒண்ணும் கோச்சுக்காது மிஸ்."

நான் கேட்கவில்லை. வாசல் இரும்புக் கதவுக்கு வர்ணம் அடித்தபோது மீந்த தின்னர் இரண்டு டப்பா என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். துணியை இதில் நனைத்துத் துடை, பிசின் கரையும், தானாகவே ஆவியாகிவிடும், ஈரமும் நிற்காது என்றேன். சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அந்த ஆவி எங்கே போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் துடைத்து முடிக்கப் பத்து மணி ஆகிவிட்டது. நான் தட்டில் கற்பூரம், குங்குமம், ஒரு பூசணிக்காய் எல்லாம் எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஓரத்தில் புது டீசல் கேன்களில் வந்து இறங்கியிருந்தது. தின்னர் வாடை தூக்கி அடித்தது.

"மிஸ், வாடை இன்னும் அப்படியே கீது. கற்பூரம் இப்ப வாணாம். சாயங்காலமா ஏத்திக்கலாம்."

"எத்திராஜ், கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்குத்தான் மிஸ்."

சொல்லிவிட்டு, தின்னரில் நனைந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தொட்டியின் அடி வால்வை இறுக்க ஆரம்பித்தார்.

தின்னரின் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையில் படிந்து ஊர்ந்து போகும். மூன்று பக்கமும் சுவர் இருக்கிற மூலையில் அது தேங்கி நிற்கும். இதை நான் முப்பத்தொரு வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். எழுதாத பெண்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்!

வாட்ச்மேனை எலுமிச்சம்பழம் வாங்க அனுப்பியிருந்தேன். பூஜையைப் பற்றி மற்றவர்களிடம் நான் மூச்சு விடவில்லை; டீசல் ஊற்றும்போது இறங்கி வருவதாகச் சொல்லி அவர்கள் மேலேயே இருந்தார்கள். கடிகாரத்தில் பத்து இருபது. வாட்ச்மேன் வரக் காத்திருந்தால் ராகு காலம் பிறந்துவிடும் என்று தோன்றியது. பூசணிக்காயைத் தரையில், ஆம், தரையில்தான், வைத்தேன். அதன் தலையில் கற்பூரக் கட்டியை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தேன்.

தரையோடு தரையாக நீலமாக ஒன்று ஓடியது. அவ்வளவுதான் பார்த்தேன். அடுத்த கணம் எத்திராஜின் கையில் சுற்றியிருந்த துணி எரிந்துகொண்டிருந்தது.

அவர் கத்தவில்லை. எரிகிற கையோடு திரும்பி, "மிஸ், அப்பால போங்க" என்றார். காலால் டீசல் கேன்களை எட்டி எட்டி உதைத்துத் தள்ளிவிட்டுத்தான் கீழே விழுந்து புரண்டார்.

நான் மணல் வாளியை எடுத்துக் கொட்டினேன். தீ அணைந்தது. அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். அதுவே பிறகு எனக்கு வினையாயிற்று.

சத்தம் கேட்டு எல்லோரும் இறங்கி வருவதற்குள் இன்னொன்றும் செய்தேன். குங்குமத் தட்டை மோட்டார் அறைக்குப் பின்னால் செருகிவிட்டு, கரி பிடித்துக் கிடந்த பூசணிக்காயையும் காலால் உருட்டி அங்கேயே தள்ளினேன். பூஜைக்கு வைத்த பொருளை... காலால்! யோசித்துச் செய்தேனா, யோசிக்காமல் செய்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. கற்பூரத்துக்குச் சாம்பல் கிடையாது. எரிந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் தீப்பெட்டி அங்கேயே கிடந்தது.

அதற்குள் வாட்ச்மேன் வந்து எத்திராஜை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சேஷாத்ரி மாமா குனிந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"இது யாரோடது?"

பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது.

"பீடி" என்றேன்.

அந்தச் சொல்லோடாவது நிறுத்தினேனா? இல்லை. வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். தின்னர் எவ்வளவு சீக்கிரம் பற்றும், ஆவி எப்படித் தரையில் ஊரும், ஒரு பொறி எப்படிப் போதும், எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன் என்று விரலை நீட்டி நீட்டி விளக்கினேன். எல்லாம் சரியான பாடம். அவர் காதில் போட்டிருக்க வேண்டியதை, அவர் வெந்துபோன பிறகு மற்றவர்களுக்குச் சொன்னேன். அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள்.

ஏன் சொன்னேன்? சிறைக்குப் பயந்தா? இல்லை. அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. கெமிஸ்ட்ரி மிஸ் தின்னருக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றினாளாம், அதுவும் சனிக்குப் பயந்து ஏற்றினாளாம் என்று சிரிப்பார்களே... அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான். என் மானத்தின் எடை அவ்வளவுதான். அதற்கு ஒரு மனிதனின் வலது கையையும் நாணயத்தையும் கொடுத்தேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தும் தீர்மானத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்து அழகாக இருக்குமாம். எழுதினேன். அந்த வருடப் பொதுக்கூட்டத்தில், சமயோசிதமாக மணலைக் கொட்டிக் கட்டடத்தைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மயில்கழுத்து நிறம். பீரோவில் இருக்கிறது. பிரிக்கவும் மனமில்லை, தூக்கிப் போடவும் துணிவில்லை.

எத்திராஜ் உண்மையைச் சொல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் சேஷாத்ரி மாமாவிடம் சொன்னார். மாமா என்னிடம் வந்து, "பாத்தேளா, உங்க மேலேயே திருப்பறான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒருவேளை பதற்றத்தில் செய்தாள் என்று நீங்கள் மன்னித்துவிடக்கூடும். அதனால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பகல் நேரத்தில் அமுதா வந்தாள். அப்போது அவள் ரத்தப் பரிசோதனைக் கூட வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சேர்த்துவிட்டதே நான்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மிஸ், அப்பா பீடி குடிக்கலன்னு சொல்றாரு. நீங்க கற்பூரம் ஏத்தினீங்கன்னு சொல்றாரு. எனக்கு யாரை நம்பறதுன்னு தெரியல. நீங்க சொல்லுங்க மிஸ், நான் நம்பறேன்."

வீட்டில் நானும் அவளும்தான் இருந்தோம். மாமா இல்லை, பத்துப் பேர் இல்லை. சிரிக்க யாருமே இல்லை. அன்று சொல்லியிருக்கலாம்...

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவள் தோளில் கை வைத்து, "அமுதா, தின்னர் இருக்கிற இடத்துல நான் கற்பூரம் ஏத்துவேனா? லேப்ல உனக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கேன்?" என்று கேட்டேன்.

 "ஏத்த மாட்டீங்க மிஸ்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நான் நேரடியாகப் பொய்கூடச் சொல்லவில்லை, பார்த்தீர்களா? கேள்விதான் கேட்டேன். விடையை அந்தப் பெண்ணையே சொல்லவைத்தேன். இதற்குத்தான் நல்லாசிரியை என்று பெயர் வாங்கினேன் போலும்!

பிறகு எத்திராஜுக்கு எங்கள் தெருவில் வேலை கிடைக்கவில்லை. டீசல் பக்கத்தில் பீடி பிடித்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே ஒவ்வொரு கட்டடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. திருப்புளி பிடிக்க முடியாது. பட்டினப்பாக்கத்தில் வீடு வீடாகத் தண்ணீர் கேனை இடது தோளில் சுமந்து போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பக்கமாகக் கடற்கரைக்கு நடக்கப் போவதை நான் நிறுத்திவிட்டேன். அந்தத் தொட்டி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. கரண்ட் போகும்போதெல்லாம் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். நான் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்துவேன்.

சென்ற மாதம் அமுதா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். இப்போது அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், முகத்தில் நல்ல தெளிவு. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா கீறாரு மிஸ். இப்பல்லாம் நாங்க பேசிக்கறோம்." பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "நாலு வருஷம் அவர் கைல நான் பேசவே இல்ல. பீடி குடிச்சதுக்காக இல்ல மிஸ். என் தலைல கை வச்சு சத்தியம் பண்ணிட்டு, குடிச்சுட்டு, உங்க மேல பழிய போட்டாரேன்னுதான். ஒரே வீட்டுல இருந்துகினு சோறு போடுவேன், பேச மாட்டேன். போன வருஷம் அவரே ஒத்துக்கிட்டாரு. ஆமாம்மா, நான்தான் பீடி பத்த வச்சேன், மிஸ் மேல அபாண்டமா சொல்லிட்டேன், மன்னிச்சுடுன்னு அழுதாரு. அன்னிக்குத்தான் பேசினேன்."

நான் "நல்லது" என்றேன்.  அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். நகர்ந்துகொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

செய்தவள் ஒப்புக்கொள்ளவில்லை. செய்யாதவர் ஒப்புக்கொண்டுவிட்டார். மகள் "அப்பா" என்று ஒரு வார்த்தை கூப்பிடுவதற்காக!

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனிப் பொறுக்க முடியாது, கல்யாணத்தன்றே அமுதாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்தேன். பெரும்பாக்கத்துப் பக்கம் சின்ன மண்டபம். வாசலில் எத்திராஜ்தான் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். புதுச் சட்டை. வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்தமாதிரி வைத்திருந்தார்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு முகத்துக்கு நேராகப் பார்க்கிறோம்.  "எத்திராஜ், நான் இன்னிக்கு அமுதாகிட்ட..." என்று ஆரம்பித்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் அருகில் வந்தார்.

"வாணாம் மிஸ். பொண்ணு கைல ஒண்ணும் சொல்லிடாதீங்க. இப்பதான் பேசிக்கினு கீது. நாலு வருஷம் சும்மாவே அப்பனை ஒதுக்கி வச்சோம்னு தெரிஞ்சா அது தாங்காது. நான் ஒத்துக்கினது ஒத்துக்கினதாவே இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. "உள்ள போங்க, பந்தி போடறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்து வந்தவரை வரவேற்கத் திரும்பிக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். மேடையில் அமுதா என்னைப் பார்த்ததும் எழுந்து கையாட்டினாள். மாப்பிள்ளையிடம் குனிந்து, எங்க மிஸ் என்று சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. அட்சதை போட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசத்தைக்கூட விடவில்லை.

ஏனென்று சொல்லட்டுமா? வாசலில் அவர் 'வாணாம்' என்று சொன்னாரே, அந்தக் கணத்தில் எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இனிச் சொல்ல வேண்டாம் என்று... நிம்மதியாக இருந்தது.